கூல்டிரிங்க்ஸ் கேனில் ஸ்பிரிட் அடுப்பு: செய்வது, ஊற்றுவது, கொளுத்துவது

ஒரே அளவுள்ள இரண்டு அலுமினியக் கூல்டிரிங்க்ஸ் கேன், ஒரு பால்பவுடர் டின், பேப்பர் வெட்டும் பிளேடு, கத்தரிக்கோல், குண்டூசி, கொஞ்சம் உப்புத்தாள், அலுமினிய டேப், கூடவே திறக்காத கேன் ஒன்று. சாமான் இவ்வளவுதான். இதை வைத்து ஒரு மாலைப் பொழுதில் செய்துவிடக்கூடிய அடுப்பு இருபது கிராம்கூட வராது, திருகு கிடையாது, பம்ப் கிடையாது, 20 மில்லி ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்தால் அரை லிட்டர் தண்ணீரை ஏழெட்டு நிமிடத்தில் கொதிக்கவைத்துவிட்டுத் தானாகவே அணைந்துவிடும். சிறுமலையில் தெரிந்தவர் தோட்டத்தில் ஓர் இரவு தங்கப் போகிறவருக்கும், சைக்கிளில் வத்தலக்குண்டு தாண்டித் தாண்டிக்குடி வரை ஏறுகிறவருக்கும் இதைவிட லேசான அடுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

கேனை வெட்டுவது யாருக்கும் வந்துவிடும். எதை ஊற்றுவது, எவ்வளவு ஊற்றுவது, எங்கே கொளுத்துவது என்ற மூன்றையும் தெரிந்துகொள்ளாமல் வெட்ட உட்கார வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அதனால் செய்முறையைச் சொல்லி முடித்த பிறகும் எழுத நிறைய இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இது எப்படி எரிகிறது என்று பார்த்துவிடலாம். நாம் ஊற்றும் ஸ்பிரிட் பெரும்பாலும் எத்தனால் என்ற ஆல்கஹால், அது 78 டிகிரியிலேயே கொதித்துவிடும். நடுவில் ஒரு கிண்ணம், அதைச் சுற்றி ஒரு மெல்லிய சந்து, சந்தின் மேல் விளிம்பில் ஊசித் துளைகள், இதுதான் அமைப்பு. நடுக்கிண்ணத்தில் ஊற்றிய ஸ்பிரிட் அடியில் உள்ள சிறு வெட்டுகள் வழியாகச் சந்துக்குள்ளும் போய் நிற்கும். பற்றவைத்ததும் நடுவில் மட்டும் எரியும்; அலுமினியம் அந்தச் சூட்டைச் சுவர் வழியாகக் கீழே கடத்த, அரை நிமிடம் ஒரு நிமிடத்தில் சந்தில் இருக்கும் ஸ்பிரிட் கொதித்து ஆவியாகித் துளைகள் வழியே வெளியே வந்து, கேஸ் அடுப்பு மாதிரி வட்டமாகப் பற்றிக்கொள்ளும். ஸ்வீடனில் டிராங்கியா நிறுவனம் பித்தளையில் செய்து விற்கும் பர்னரும் இதே இரட்டைச் சுவர் முறைதான். நாம் அதை மெல்லிய அலுமினியத்தில் செய்கிறோம், அதனால் அது சீக்கிரம் சூடாகிறது, சீக்கிரம் ஆறுகிறது, மிதித்தால் நசுங்கியும் விடுகிறது.

செய்முறை

கேன்கள் இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும், ஒன்று ஒல்லி ஒன்று குண்டு என்றால் பொருந்தாது. அகலமான 66 மி.மீ. விட்டம் உள்ளவை கிடைத்தால் அவைதான் நல்லது, ஒல்லியானவற்றில் செய்தால் பாத்திரத்தின் நடுவில் மட்டும் சூடு ஏறும். பழைய இரும்புக் கடையில் கேட்டாலும் கிடைக்கும், ஆனால் அங்கே பெரும்பாலும் நசுக்கித்தான் வைத்திருப்பார்கள். அடிப்பாகமும் அதையொட்டிய இரண்டு விரல் உயரமும் ஒடுங்காமல் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். கூடவே ஒரு திறக்காத கேனும் வேண்டும், அதைக் கடைசியில் குடித்துக்கொள்ளலாம்.

வெட்டும்போது கத்தரியை எடுத்து நேராக வெட்ட ஆரம்பித்தால் ஓரம் கோணலாகத்தான் வரும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. 30 மி.மீ. தடிமன் உள்ள புத்தகம் ஒன்றை மேசையில் வைத்து, பிளேடின் முனை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்படி புத்தகத்தின் மேல் வைத்துக் கையால் அழுத்திப் பிடியுங்கள். கேனை நிமிர்த்தி வைத்து, பிளேடு முனையில் உரசியபடி மெதுவாகச் சுற்றுங்கள். வெட்ட வேண்டியதில்லை, கீறல் விழுந்தால் போதும், பத்துப் பதினைந்து சுற்று சுற்றுங்கள். அப்புறம் கீறலுக்கு மேல் கட்டை விரலால் அழுத்தினால் ஓரிடத்தில் விரிசல் விடும், அங்கிருந்து சீராகக் கிழித்துக்கொண்டே போகலாம். ஓரம் பிளேடு போலவே கூர்மையாக இருக்கும், உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. தோட்ட வேலைக்குப் போடும் தடித்த கையுறை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு கேனின் அடியை 30 மி.மீ. உயரத்துக்கு வெட்டுங்கள், இது கீழ்ப்பாதி. இன்னொரு கேனின் அடியை 25 மி.மீ. உயரத்துக்கு, இது மேல்பாதி. மேல்பாதியில் ஓட்டை போடும் வேலையை வெட்டுவதற்கு முன்பே, கேன் முழுசாக இருக்கும்போதே செய்துவிடுங்கள், விறைப்பாக இருப்பதால் ஒடுங்காது. கேனைச் சுற்றி வரும் நீளத்துக்கு ஒரு காகித நாடாவை வெட்டி நான்கு முறை இரண்டிரண்டாக மடித்தால் பதினாறு பாகம் வரும். கேனைக் கவிழ்த்து, அடியை நோக்கி உள்ளே சரியும் தோள்பட்டைக்குக் கீழே அதைச் சுற்றி ஒட்டி, மடிப்புக்கு நேராகத் தோள்பட்டைச் சரிவில் பதினாறு புள்ளி வைத்து, குண்டூசியால் குத்துங்கள். துளை 1 மி.மீ.க்கு மேல் போக வேண்டாம். ஆணியால் குத்திப் பெரிதாக்கினால் தீ மஞ்சளாகச் சோம்பலாக எரியும், ஸ்பிரிட்டும் வீணாகும்.

அடுத்து மேல்பாதியின் நடுவில் குழிந்திருக்கும் தட்டை எடுக்க வேண்டும். கேனில் இந்தப் பகுதிதான் தடிமன் அதிகம், இதில் அவசரப்படுகிறவர்கள்தான் கையைக் கிழித்துக்கொள்கிறார்கள். கேன் நிற்கும் வட்ட விளிம்புக்கு உட்புறமாகப் பிளேடால் மெதுவாக, ஒரே வட்டத்தில், திரும்பத் திரும்பக் கீறிக்கொண்டே இருங்கள். நேரம் எடுக்கும், ஆனால் ஒரு கட்டத்தில் தட்டு தானாக உள்ளே விழுந்துவிடும். உப்புத்தாளைச் சுருட்டி உள்விளிம்பைத் தேய்த்துவிடுங்கள்.

உட்சுவருக்கு, மிச்சமிருக்கும் கேன் தகட்டிலிருந்து 40 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டை வெட்டுங்கள். கீழ்ப்பாதியின் உள்ளே அடியில் ஒரு வட்டப் பள்ளம் இருக்கும் பாருங்கள், பட்டையை வளைத்து அந்தப் பள்ளத்தில் உட்கார வைத்து, இரு முனையும் எங்கே சந்திக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு குறியில் மேலிருந்து பாதி வரை, மற்றக் குறியில் கீழிருந்து பாதி வரை வெட்டி, ஒன்றில் ஒன்றைச் செருகினால் ஒட்டாமலே வளையம் நிற்கும். வளையத்தின் அடி ஓரத்தில் மூன்று இடத்தில் 5 மி.மீ. அளவுக்கு முக்கோணமாக வெட்டிவிடுங்கள், ஸ்பிரிட் சந்துக்குள் போகும் வாசல் அதுதான்.

இனி சேர்ப்பது. கேன்கள் ஒரே அளவு என்பதால் ஒன்று மற்றதற்குள் போகாது. திறக்காத கேனைக் கீழ்ப்பாதிக்குள் செலுத்தி மெதுவாக அழுத்தித் திருகினால் அதன் வாய் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். வளையத்தைப் பள்ளத்தில் நிறுத்தி, மேல்பாதியைக் கவிழ்த்து, கேன் தகட்டின் சிறு துண்டு ஒன்றைச் செருகி அதன்மேல் வழுக்கவிட்டு ஓரத்தை உள்ளே நுழைத்துவிடுங்கள். நுழைந்ததும் துண்டை உருவிவிடலாம். பிறகு மேலே ஒரு பலகையை வைத்துச் சுற்றிலும் ஒரே சீராக அழுத்துங்கள். வளையத்தின் மேல் ஓரம் மேல்பாதியின் பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். வளையம் உயரமாக இருந்து மூட மறுத்தால் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். குட்டையாகப் போய்விட்டால் ஆவி நடுக்கிண்ணம் வழியாகவே தப்பித்துப் போய்த் துளைகள் பற்றாது, புது வளையம் வெட்டத்தான் வேண்டும். இணைப்பைச் சுற்றி ஏ.சி. குழாய்க்கு ஒட்டும் அலுமினிய டேப் ஒரு சுற்று போதும். எம்-சீல், ஃபெவிக்விக் வகைகள் இந்தச் சூட்டில் கருகிவிடும், அவற்றைத் தொட வேண்டாம்.

நடுவாயை முழுக்க மூடி அழுத்தத்தில் எரியவிடும் வகைகளும் உண்டு, ஊற்றும் துளைக்குத் திருகாணி போட்டு அடைப்பார்கள். துளைகள் அடைத்துக்கொண்டால் அது வெடிக்கக்கூடியது. நடு வாய் திறந்திருக்கும் இந்த வகையே நமக்குப் போதும்.

தாங்கி, காற்றுத் தடுப்பு, பாத்திரம்

அடுப்பு மேலேயே பாத்திரத்தை வைக்க முடியாது, இடைவெளி இல்லாவிட்டால் தீ மூச்சுத் திணறி அணையும். அடுப்பின் மேல்விளிம்புக்கும் பாத்திரத்தின் அடிக்கும் நடுவே 25 முதல் 30 மி.மீ. வேண்டும். இதற்குப் பால்பவுடர் டின்தான் என் தேர்வு. அடித் தகட்டை நீக்கிவிட்டு, தகரக் கத்தரியால் 70 மி.மீ. உயரத்துக்கு வெட்டுங்கள், உங்களிடம் தகரக் கத்தரி இல்லாவிட்டால் தகர வேலை செய்கிறவரிடம் கொடுத்தால் வெட்டி ஓரத்தையும் மடித்துக் கொடுப்பார். கீழ் ஓரத்தைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு துளை, ஒவ்வொன்றும் பென்சில் நுழையும் அளவு, காற்று உள்ளே வர. மேல் ஓரத்தில் நான்கைந்து இடத்தில் விரல் அகலத்துக்கு வெட்டிவிடுங்கள், புகையும் சூடும் வெளியே போக. நடுவில் அடுப்பு, டின்மேல் பாத்திரம், தாங்கியும் காற்றுத் தடுப்பும் ஒன்றாகிவிட்டது.

சைக்கிள் ஸ்போக் கம்பியில் முக்காலி வளைத்துக்கொள்ளலாம், அது இன்னும் லேசு, ஆனால் அதற்குத் தனியாகக் காற்றுத் தடுப்பு வேண்டும்: சமையலறை அலுமினியத் தாளை நான்காக மடித்து, பாத்திரத்தைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். ஜி.ஐ. கம்பி, ஜி.ஐ. வலை வேண்டாம். அதன்மேல் உள்ள துத்தநாகப் பூச்சு தீயில் புகையும், அந்தப் புகை உடம்புக்கு ஆகாது.

ஆடி மாதத்தில், கம்பம் பள்ளத்தாக்குப் பக்கமோ ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கமோ வீசும் காற்றில் தடுப்பு இல்லாத ஸ்பிரிட் அடுப்பு எரிந்து முடியும், தண்ணீர் வெதுவெதுப்பாகவே நிற்கும். அவ்வளவு காற்று இருந்தால் தடுப்பு இருந்தாலும் கொளுத்த வேண்டாம், தீ எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது.

பாத்திரத்துக்கு நம் வீட்டுத் தூக்குவாளிக்கு ஈடு எதுவும் இல்லை. தட்டையான அடி, பொருத்தமான மூடி, பிடித்துத் தூக்கக் கம்பிக் காது, முக்கால் லிட்டர் அளவு. அடி அகலமாக இருப்பதாகப் பார்த்து எடுங்கள். ஒடுங்கி உயரமாக இருந்தால் பாதித் தீ பக்கவாட்டில் ஏறிப் போய்விடும். மூடி போட்டுத்தான் கொதிக்கவைக்க வேண்டும், அதிலேயே ஸ்பிரிட் கணிசமாக மிச்சமாகும்.

எதை ஊற்றுவது

வேண்டியது எத்தனால், தண்ணீர் முடிந்த அளவு குறைவாக. 95 சதவீதம் இருந்தால் நீலமாக, கரியில்லாமல் எரியும். ஆனால் தமிழ்நாட்டில் டீநேச்சர்டு ஸ்பிரிட்டும் (குடிக்க முடியாதபடி வேறு பொருள் கலந்த எத்தனால்) மெத்தனாலும் நினைத்தபடி வாங்கி வைத்துக்கொள்ளக்கூடியவை இல்லை, 1959ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும். பெயின்ட் கடையில், பட்டறையில் தெரிந்தவர் கேனில் கொஞ்சம் கொடுத்தார் என்று வாங்காதீர்கள். சட்டம் ஒருபக்கம், அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது என்பது இன்னும் பெரிய காரணம். மெத்தனால் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும், கண் நரம்பைத் தாக்கும், கொஞ்சம் வாய்க்குள் போனால் உயிரே போகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். அதை அடுப்பில் எரிக்கத்தானே போகிறோம் என்று வாதம் செய்ய வேண்டாம். உங்கள் பையில் இருக்கும் பாட்டிலை இன்னொருவர் எடுக்கலாம், குழந்தை எடுக்கலாம்.

நமக்கு முறையாகக் கிடைப்பது மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும். சர்ஜிகல் ஸ்பிரிட் என்ற பெயரில் ஒன்றுக்கொன்று வேறான சரக்குகள் விற்கிறார்கள், சிலது எத்தனால், சிலது ஐசோபுரோப்பைல், சிலவற்றில் விளக்கெண்ணெய் போன்றவையும் சேர்ந்திருக்கும். லேபிளைப் படியுங்கள், எத்தனால் எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பதையே வாங்குங்கள். மெத்தனால் என்றோ மெத்தில் ஆல்கஹால் என்றோ இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஐசோபுரோப்பைல் எரியும், சூடும் குறைவில்லை, ஆனால் மஞ்சள் தீ, பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. வேறு வழியில்லாவிட்டால் அது ஆகும், பாத்திரத்தை வைக்க ஒரு பழைய துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சானிடைசர் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள்: திரவ சானிடைசரில் எத்தனால் 70 முதல் 80 சதவீதம்தான், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர், அதனால் தீ பலவீனமாக எரிந்து கடைசியில் கிண்ணத்தில் தண்ணீர் நிற்கும். ஜெல் வகை துளைகளை அடைத்துவிடும், வேண்டாம். கடையில் விற்கும் பிராந்தி, விஸ்கி எல்லாம் 42.8 சதவீதம், அடுப்புக்கு உதவாது. பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் மூன்றும் இந்த அடுப்பில் ஒரு சொட்டுக்கூட ஊற்றக் கூடாது.

புதிதாக ஒரு பாட்டில் வாங்கினால், முதலில் எவர்சில்வர் மூடி ஒன்றில் 5 மில்லி ஊற்றி வெட்டவெளியில் எரித்துப் பாருங்கள். நீலமாக எரிந்து மூடி காய்ந்திருந்தால் நல்ல சரக்கு. தண்ணீர் தேங்கினாலோ பிசுபிசுப்பு ஒட்டினாலோ கரி படிந்தாலோ அதற்கேற்ப முடிவு செய்துகொள்ளலாம்.

எவ்வளவு ஊற்றுவது

இந்த அடுப்பில் தீயைக் கூட்டவும் குறைக்கவும் திருகு இல்லை என்றேன், ஊற்றும் அளவுதான் திருகு. அரை லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்கச் சுமார் 157 கிலோஜூல் வேண்டும், ஒரு மில்லி எத்தனாலில் இருப்பது சுமார் 21 கிலோஜூல். கணக்குப்படி ஏழரை மில்லி போதும், நடப்பில் பாதிக்கு மேல் காற்றோடு போகும், ஆகவே 18 முதல் 20 மில்லி. உங்கள் அடுப்பு, உங்கள் தூக்குவாளி, உங்கள் ஸ்பிரிட், இந்த மூன்றுக்கும் சரியான அளவு எது என்று வீட்டிலேயே பார்த்து வையுங்கள். அளக்க மருந்துக்கடை சிரிஞ்ச், ஊசி இல்லாமல், 20 மில்லி அளவுடையது நல்லது, இல்லாவிட்டால் கோடு போட்ட இருமல் மருந்து மூடி. இப்படி அளந்துவிட்டால் ஒரு நாளைக்கு மூன்று வேளைக்கு 70 மில்லி, இரண்டு நாளைக்கு 150 மில்லி பாட்டில் ஒன்று போதும். அளக்காமல் ஊற்றுகிறவர் அரை லிட்டர் தூக்கிக்கொண்டு போவார், அல்லது பாதியில் தீர்ந்துபோய் எரிகிற அடுப்பில் மேலும் ஊற்றப் பார்ப்பார்.

அந்தக் கடைசிக் காரியத்தைத்தான் எந்த நிலையிலும் செய்யக் கூடாது. எரியும் அடுப்பிலோ, அணைந்துவிட்டதாகத் தோன்றும் அடுப்பிலோ பாட்டிலைச் சாய்த்தால் தீ ஆவி வழியாகப் பாட்டிலுக்குள் ஏறி, உள்ளே இருக்கும் ஆவி பற்றி, எதிரே உட்கார்ந்திருப்பவர் மேல் தீயாகப் பீய்ச்சும். அணைந்துவிட்டதாகத் தோன்றும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: எத்தனால் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. மதுரை வெயிலில் நண்பகலில் முழுதாக எரிந்துகொண்டிருக்கும் அடுப்பைப் பார்த்தால் சும்மா இருக்கிற டப்பா மாதிரிதான் இருக்கும். உள்ளங்கையை ஒரு முழ உயரத்தில் நீட்டிச் சூடு இருக்கிறதா என்று பாருங்கள், நீளமான காய்ந்த ஈர்க்குச்சியை நீட்டிப் பாருங்கள், அதற்கும் மேலே ஐந்து நிமிடம் காத்திருந்து, அடுப்பைத் தொட்டால் சுடாத நிலை வந்த பிறகு ஊற்றுங்கள். ஒரு வேளைக்கு வேண்டியதை ஒரே தடவையில் அளந்து ஊற்றிவிட்டு, பாட்டிலை இறுக மூடிப் பத்தடி தள்ளி வைத்துவிட்டு, கையில் சிந்தியிருந்தால் கழுவித் துடைத்துவிட்டு, அப்புறம்தான் தீக்குச்சி.

முதல் எரிப்பு மொட்டைமாடியில், அந்தி சாயும் நேரத்தில் இருக்கட்டும், தீ தெரியும். கேனின் உட்புறப் பூச்சும் வெளிப்புற மையும் முதல் தடவை கருகி நாறும், அப்போது உணவு எதுவும் வைக்காமல் வெறுமனே எரிய விடுங்கள், புகையை முகர வேண்டாம். கீழே ஒரு டைல்ஸ் துண்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், நனைத்த கனத்த துண்டு, அடுப்பை மூட அதைவிடப் பெரிய தகர டப்பா ஒன்று. அணைக்க வேண்டுமென்றால் டப்பாவைக் கவிழ்த்தால் போதும். சிந்திய ஸ்பிரிட் தரையில் பற்றிக்கொண்டால் ஈரத் துண்டைப் போட்டு அமுக்குங்கள். ஸ்பிரிட் தண்ணீரில் கரையும் என்பதால் தண்ணீருக்கும் அடங்கும், ஆனால் வாரி இறைத்தால் தெறித்துப் பரவும். நைலான், பாலியஸ்டர் சட்டையோடும் தொங்கும் துப்பட்டாவோடும் அடுப்புப் பக்கம் உட்கார வேண்டாம். கூடாரத்துக்குள் கொளுத்தவே கூடாது, தீப் பயம் ஒன்று, காற்றோட்டம் இல்லாத இடத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடு இன்னொன்று. பிள்ளைகள் ஆசைப்பட்டால் கேனை வெட்டாத வேலைகளில் சேர்த்துக்கொள்ளுங்கள், பற்றவைப்பது பெரியவர் வேலை.

எங்கே கொளுத்துவது

காட்டுக்குள் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. காப்புக்காட்டில் தீ மூட்டுவதைத் தமிழ்நாடு வனச் சட்டம் தடுக்கிறது, அடுப்பு சிறிசு என்பதால் விலக்கு கிடையாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன, இப்போது வனத்துறை வழியாக 'டிரெக் தமிழ்நாடு' தளத்தில் பதிந்து வழிகாட்டியோடுதான் போகிறோம். மாசி பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும்போது பாதைகளையே மூடிவிடுகிறார்கள். சதுரகிரி ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, அழகர்மலை வனத்துறைக் காடு. இங்கெல்லாம் போகிற நாளில் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போங்கள், அடுப்பு வீட்டில் இருக்கட்டும். கீழக்குயில்குடி சமணர் மலை மாதிரி பாதுகாக்கப்பட்ட இடங்களில் பாறை நிழல் வாகாக இருந்தாலும் அங்கேயும் கூடாது, ஆயிரம் ஆண்டு தாண்டிய சிற்பத்துக்கும் கல்வெட்டுக்கும் பக்கத்தில் புகை போடுகிற உரிமை நமக்கு இல்லை.

பிறகு எங்கேதான் என்றால், உரிமையாளர் சம்மதத்தோடு தனியார் நிலத்தில். சிறுமலை வாழைத் தோட்டம், பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கக் காப்பித் தோட்டங்களில் தங்கும் இடங்கள், சொந்த ஊர்க் களம், மோட்டார் கொட்டகைத் திண்ணை. வெற்றுப் பாறை, சிமென்ட் தரை, இல்லையென்றால் சருகைக் கூட்டித் தள்ளி ஓர் ஆள் நீளத்துக்கு வெறும் மண். காப்பித் தோட்டத்தில் நிழலடியில் சருகு கணுக்கால் வரை கிடக்கும், அங்கே தோட்டக்காரர் சரி என்றாலும் முற்றத்துக்கு வந்துவிடுங்கள்.

போகிற வழியும் முக்கியம். ரயிலில் ஸ்பிரிட் பாட்டில் எடுத்துப் போவது ரயில்வே சட்டப்படி குற்றம், மூன்று ஆண்டு வரை சிறைகூட உண்டு. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலைய யார்டில் நின்ற சுற்றுலாப் பெட்டியில் ஒன்பது பேர் இறந்தது உள்ளே சமையலுக்கு வைத்திருந்த கேஸ் சிலிண்டரால்தான். பேருந்திலும் அதே நியாயம்தான், சுற்றிலும் அடுத்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சொந்த வண்டியிலோ சைக்கிளிலோ போகும்போது மட்டும், சிறிய பாட்டிலில், வெயில் படாத இடத்தில். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி எடுத்துப் போகவே கூடாது. மருந்துக்கடையில் வந்த பாட்டிலையே வைத்துக்கொண்டு, சிவப்பு நாடா சுற்றி 'குடிக்கக் கூடாது' என்று பெரிதாக எழுதுங்கள்.

என்ன சமைப்பது

இருபது மில்லிக்குள் முடிகிற சமையல் இந்த அடுப்புக்குப் பொருத்தம். சுக்குமல்லிக் காப்பி, வறுத்த ரவையில் தாளித்து வீட்டிலேயே கலந்து எடுத்துப் போகும் உப்புமா, அவல், பாக்கெட் சேவை, வெந்நீரில் கரைக்கும் ரசப்பொடி. கொதித்ததும் பொருளைப் போட்டுக் கிளறி, மூடி, துண்டில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்துவிட்டால் உள்சூட்டிலேயே வெந்துவிடும், அடுப்பில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. அரிசி ஆக்கத்தான் வேண்டுமென்றால் அரை மணி நேரமாவது ஊறவைத்து, 30 மில்லி ஊற்றுங்கள். கொடைக்கானல் டவுன் சுமார் 2,100 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 93 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடுவதால் சோறு வேக நேரம் பிடிக்கும், அங்கே அவல்தான் புத்திசாலித்தனம். மார்கழி தையில் மலையில் ஸ்பிரிட் குளிர்ந்துபோய்ப் பற்ற மறுக்கும். நன்றாக மூடிய பாட்டிலைக் கொஞ்ச நேரம் சட்டைக்குள் வைத்துவிட்டு, நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாதபோது எடுத்து ஊற்றினால் பற்றும். அடுப்பை ஏதாவது தீயில் காட்டிச் சூடாக்க வேண்டாம்.

துளைகள் அடைத்தால் அதே குண்டூசியால் குத்திவிடலாம். கிண்ணத்தில் மிச்சம் நிற்கும் ஸ்பிரிட்டைப் பாட்டிலுக்குத் திருப்பி ஊற்றாமல், அடுப்பு நன்றாக ஆறியிருந்தால் அப்படியே மூடி போட்டு வைத்து அடுத்த வேளைக்கு எரிக்கலாம், கிளம்பும் அவசரம் என்றால் எரித்தே தீருங்கள், மண்ணில் கொட்ட வேண்டாம். பையில் வைக்கும்போது அடுப்பைத் தூக்குவாளிக்குள் துணி சுற்றி வையுங்கள், நசுங்காது. இணைப்பில் கசிவு தெரிந்தாலோ சுவரில் மெல்லிய விரிசல் ஓடியிருந்தாலோ ஒட்டுப்போட்டு ஓட்ட வேண்டாம். இன்னும் இரண்டு கேன் வாங்கிப் புதிதாக வெட்டிவிடுங்கள், டின்னும் தூக்குவாளியும் அளவும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன.